பால் எங்கிருந்து வருகிறது என்றால் "ஆவின் பூத்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

"கோவை சரவணம்பட்டியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம், பெண் ஆறாவது, பையன் இரண்டாவது. பால் எங்கிருந்து வருகிறது என்றால் ஆவின் பூத் என்கிறான், அரிசி என்றால் மளிகைக்கடை என்கிறான். எங்கள் இருவர் குடும்பத்திலும் இப்போது யாரும் பண்ணயம் (விவசாயம்) பார்ப்பதில்லை. விடுமுறையில் ஒரு பண்ணைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போனால் போதுமா, எங்கே போகலாம்?" இதுதானே நீங்கள் கேட்டது? போதாது என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பையனைத் திட்டாதீர்கள். அவன் கண்ணால் பார்த்த வரைக்கும் பால் பூத்திலிருந்துதான் வருகிறது. நான் ஈரோட்டு டவுனில் பிறந்து வளர்ந்தவள். மஞ்சள் மார்க்கெட் வாசனையை நுகர்ந்துகொண்டே பள்ளிக்கூடம் போனவள். கல்யாணமாகிச் சிவகிரிப் பக்கம் தோட்டத்துக்கு வந்த முதல் மாதம், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்ற கல்வாழையைப் பார்த்து, "மஞ்சள் நல்லா வந்திருக்குதுங்க அத்தை" என்றேன். இருபது வருடம் ஆகிறது, எந்த விசேஷத்துக்குப் போனாலும் அத்தை இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஆக, இதையெல்லாம் பிறவியிலேயே தெரிந்தவள் போல நான் சொல்லவில்லை, மெதுவாகக் கற்றுக்கொண்டவள்தான்.

சுற்றுலா விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் என் தங்கை குடும்பம் சென்னையிலிருந்து வந்து, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி ஒரு பண்ணைக்குப் போனார்கள். மாட்டு வண்டி சவாரி, சேற்றில் விளையாட்டு, வாழை இலையில் சாப்பாடு, ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போட்டோ. பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், அதைக் குறை சொல்லவில்லை. திரும்பி வந்து என்னிடம் தங்கை மகள் கேட்டாள்: "பெரியம்மா, வண்டியில கட்டியிருந்த மாடு தினமும் எத்தனை லிட்டர் பால் கறக்கும்?" அது எருது. ஒரு நாள் முழுக்க அதன் பின்னாலேயே உட்கார்ந்து போயிருக்கிறாள், அது எருது என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் சொல்லும் வழி வேறு. தட்டில் இருக்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது விளையும் ஒரே இடத்துக்கு, ஒரே வருடத்தில் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு மாதங்களில் போங்கள். பத்துப் பண்ணையை ஒரு நாளில் பார்ப்பதைவிட இதில் பிள்ளைக்கு ஒட்டுவது அதிகம். விவசாயத்தில் புரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம் காலம். அது ஒரு நாள் பயணத்தில் கண்ணில் படாது.

உங்களுக்குக் கிட்டத்தில் கிடைப்பது பால், அதிலேயே ஆரம்பிக்கலாம். சரவணம்பட்டியிலிருந்து கோவில்பாளையம், அன்னூர் பக்கம் போனால் ஊருக்கு ஊர் பால் சொசைட்டி இருக்கிறது. காலையில் ஆறு மணி வாக்கில் போய் ஓரமாக நில்லுங்கள். ஒவ்வொருவராகத் தூக்குப்போசியிலும் கேனிலும் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள், அளந்து, கொஞ்சம் எடுத்துச் சோதித்து, கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை போடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆவின் பாக்கெட்டைப் பையனை விட்டே படிக்கச் சொல்லுங்கள்: நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. காலையில் பார்த்த சோதனைதான் இந்த நிறங்களாக வந்து நிற்கிறது என்று அவனுக்கே பிடிபடும். என் நாத்தனார் மகன் இதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் ஒருவரையும் நிம்மதியாகக் காபி குடிக்க விடவில்லை.

அப்புறம் கட்டுத்தரைக்குப் போங்கள். மாடு சும்மா பால் கொடுக்காது, கன்று போட்டால்தான் பால் என்பது படித்த பெரியவர்கள் பலருக்கே தெரியவில்லை. என்னிடம் ஒரு இன்ஜினியர், "அப்போ கன்னு போடாத வருஷம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். ஒன்பது மாதத்துக்கு மேல் சினை, கன்று போட்ட முதல் சில நாட்கள் சீம்பால், பிறகு பல மாதம் கறவை, அதற்குள் மறுபடி சினை, அடுத்த கன்றுக்கு இரண்டு மாதம் முன்னால் பால் வற்ற விட வேண்டும். அந்த இரண்டு மாதமும் தீவனச் செலவு மட்டும் நிற்காது. சோளத்தட்டு, புண்ணாக்கு, தவிடு எல்லாவற்றுக்கும் காசு. இதைப் பெண்ணுக்குச் சொல்லி, ஒரு மாட்டுக்கு ஒரு வருடக் கணக்குப் போடச் சொல்லுங்கள், ஆறாம் வகுப்புக்காரிக்கு நல்ல கணக்கு.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: கன்று காளையாகப் பிறந்தால் என்ன ஆகும்? மழுப்பாதீர்கள். கலப்பின மாட்டில் பிறக்கும் காளைக்கன்றைப் பெரும்பாலான வீடுகளில் வைத்துக்கொள்ள முடியாது, விற்றுவிடுவார்கள், பெரும்பாலும் அது கறிக்குத்தான் போகும். உங்கள் பெண்ணின் வயதுக்கு இதைச் சொல்லலாம். அவள் அன்றைக்குப் பால் குடிக்காவிட்டால் விடுங்கள். ரெண்டு நாளில் காபிக்கு வந்துவிடுவாள், அல்லது வராமலே இருந்துவிடுவாள், அது அவள் இஷ்டம்.

நாட்டு மாடு பார்க்க ஆசைப்பட்டால் காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு பார்க்கப் போங்கள். கொரங்காடு என்பது மாட்டுக்காகவே விட்ட மேய்ச்சல் காடு, சுற்றிலும் கிளுவை முள் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். மழை குறைந்த சீமையில், பாறை மண்ணில், வேறு எதுவும் வராத இடத்தில் இந்த மூன்றையும் வைத்தே தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்திருக்கிறார்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதம் ஆவதற்குள் நிறம் மாறிச் சாம்பல் மயிலையாகிவிடும். ஒரே கன்றை இரண்டு தடவை போய்ப் பார்த்தால் "இது வேற மாடு" என்று பிள்ளைகள் சண்டைக்கே வருவார்கள். பால் குறைவுதான், கன்றுக்கு விட்டது போக நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கிடைத்தால் பெரிது. உழவுக்கும் வண்டிக்கும் கவலை இறைக்கவும் (மாடு கட்டிக் கிணற்று நீர் இறைப்பது) வந்த இனம் அது, அதைப் பாலுக்காகத் திட்டுவது நியாயமில்லை.

சரி, மஞ்சள். இது என் சொந்த விஷயம், அதனால் கொஞ்சம் இழுப்பேன். வைகாசி, ஆனியில் விதைமஞ்சளை ஊன்றுவோம், ஏக்கருக்கு எண்ணூறு கிலோ வரை பிடிக்கும். ஊடே சின்ன வெங்காயமோ மிளகாயோ, ஓரத்தில் ஆமணக்கோ அகத்தியோ போட்டுவிடுவோம். வெங்காயம் இரண்டரை மாதத்தில் வந்து கையில் கொஞ்சம் காசு கொடுத்துவிடும், மஞ்சளுக்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் அல்லவா. அதுவரை தண்ணீர் கட்ட வேண்டும், களை எடுக்க வேண்டும், மண் அணைக்க வேண்டும். தை, மாசியில் தாளை (மேலே நிற்கும் இலையும் தண்டும்) அறுத்துவிட்டு, சில நாள் விட்டு வெட்டுவோம். வெட்டினால் வருவது நீங்கள் கடையில் பார்க்கும் மஞ்சளே இல்லை. சேறு அப்பிய இஞ்சி மாதிரி இருக்கும். உடைத்தால்தான் உள்ளே அந்த ஆரஞ்சு நிறம்.

அப்புறம் வேக வைக்க வேண்டும். முன்பு பெரிய கொப்பரையில் தண்ணீர் விட்டு, மஞ்சள் தாளையே அடுப்பில் போட்டு எரித்து வேகவைத்தார்கள். இப்போது நீராவி பாய்லர் வண்டியே களத்துக்கு வந்துவிடுகிறது. நுரை தட்டி, ஆவியில் அந்த வாசனை மாறும்போது ஒரு கிழங்கை எடுத்து ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பார்கள், குச்சி வழுக்கிக்கொண்டு இறங்கினால் பதம். குறைய வெந்தால் காய்ந்ததும் நொறுங்கும், கூட வெந்தால் நிறம் கெடும். பதினைந்து நாள் வரை களத்தில் காய வேண்டும், சாயங்காலம் குவித்து மூடி, காலையில் பரப்பி, நடுவில் ஒரு மழை வந்தால் ஊரே ஓடும். நன்றாகக் காய்ந்த விரலியை (விரல் போல நீண்ட மஞ்சள்) ஒடித்தால் டிக்கென்று உலோகம் மாதிரிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை உங்கள் பையன் ஒருமுறை கேட்கட்டும். கடைசியாக டிரம்மில் போட்டு உருட்டி மெருகு. ஐந்து மூட்டை பச்சை மஞ்சள் போட்டால் காய்ந்தது ஒரு மூட்டை தேறும், மீதி நான்கும் தண்ணீராகப் போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகு விலை நம் கையில் இல்லை. ஈரோட்டு மார்க்கெட்டில் சாம்பிளைக் கையில் தேய்த்து, ஒடித்து, நிறம் பார்த்து ஏலம் கூறுவார்கள். 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. ஊரில் எல்லோரும் மஞ்சள் போட்டார்கள், நாங்களும்தான். 2012-ல் 4,000 பக்கம் வந்து நின்றது. அந்த வருடம் எங்கள் மாமா விற்காமல் குடோனில் போட்டு வைத்தார், வாடகையும் வட்டியும் ஏறியதுதான் மிச்சம். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான், ஆனால் ஏலத்தில் விலை அதைக் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை. பிள்ளைகளை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்வது இதற்குத்தான். வயலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிக் கதைதான் தெரியும்.

அரிசிக்குக் கோபிசெட்டிப்பாளையம் போங்கள், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனம். நடவு பார்க்க ஒரு தடவை, அறுப்புக்கு ஒரு தடவை. 100 கிலோ நெல் அரைத்தால் 65 கிலோ அரிசிக்குக் கொஞ்சம் முன்பின்னாக வரும், உமியும் தவிடும் போக. இதற்கு மேல் நெல்லைப் பற்றி நான் பேசினால் கோபிக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் ஒன்றை விளக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் பக்கத்துச் சாப்பாடே புரியாது. இங்கே நிலத்துக்கு மூன்று பெயர். வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தால் வயல், கிணற்றுத் தண்ணீர் என்றால் தோட்டம், மழையை மட்டும் நம்பினால் காடு. காட்டில் மரம் இருக்கும் என்று உங்கள் பையன் நினைப்பான், கொங்கில் காடு என்றால் சோளமும் கம்பும் கொள்ளும் எள்ளும் விதைக்கிற மானாவாரி நிலம். மேற்கு மலை மழையை அந்தப் பக்கமே பிடித்துக்கொள்கிறது, நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் மிச்சம், ஐப்பசி மழை வந்தால் உண்டு. அதனால்தான் நம் பாட்டிகள் காலத்தில் தினசரிச் சாப்பாடு கம்பஞ்சோறும் களியும் கொள்ளுப் பருப்பும். அரிசிச் சோறு நோம்பி நொடிக்கு, அதாவது பண்டிகை நாளுக்கு. உங்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு வைக்கும் நாளில் இதைச் சொல்லுங்கள், அதில் எது வயலில் விளைந்தது, எது காட்டில் விளைந்தது என்று தட்டிலேயே பிரிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரைக் காட்டாமல் கொங்கு விவசாயத்தைக் காட்ட முடியாது. ஒரு பழைய கிணற்றை எட்டிப் பார்க்கச் செய்யுங்கள் (கையைப் பிடித்துக்கொண்டு). பாறையை வெட்டி எடுத்த ஆழம், மேலே கவலை ஓடிய சரிவு இன்னும் சில தோட்டங்களில் அப்படியே இருக்கிறது, மாடு பின்னால் நடந்து முன்னால் இறங்கித் தோல்பறியில் தண்ணீர் இறைத்த இடம். பைக்காராவில் 1932-ல் மின்சாரம் எடுத்த பிறகு பம்புசெட் வந்தது, கவலை போனது, கிணறு ஆழமானது, இப்போது ஆயிரம் அடி போர்வெல். கிணற்றைப் பார்த்த அதே நாளில் காலிங்கராயன் வாய்க்காலையும் பார்த்துவிடுங்கள். 13-ம் நூற்றாண்டில் வெட்டியது, பவானியிலிருந்து பாம்பு போல வளைந்து வளைந்து சுமார் 90 கிலோமீட்டர் ஓடுகிறது, பாம்புதான் வழி காட்டியது என்று ஊரில் கதையும் உண்டு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மெதுவாக இறங்க அந்த வளைவு எப்படி உதவுகிறது என்று பெண்ணை யோசிக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகர் அணையோடு 1950-களில் வந்தது. வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறப்பார்கள், எங்கள் மடைக்கு வந்து சேரும் அன்று பெரியவர்கள் கரைக்குப் போய்ச் சும்மா நின்று பார்த்துவிட்டு வருவார்கள். ஒரு வேலையும் இருக்காது, இருந்தாலும் போவார்கள்.

முட்டைக்கு நாமக்கல். சொல்லி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், நோய் பயத்தால் பல பண்ணைகளில் வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள், அது சரியும்கூட. கம்பிக் கூண்டில் ஆயிரக்கணக்கில் கோழி நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும், பிறந்து நாலரை மாதத்தில் ஆரம்பிக்கும், வருடத்துக்கு 300 முட்டை வரை போடும் என்பதையும், அந்தக் கூண்டு இல்லாவிட்டால் பள்ளிச் சத்துணவுக்கு இந்த விலையில் முட்டை கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். எது சரி என்று நீங்கள் முடிவு சொல்ல வேண்டாம்.

சர்க்கரை வேண்டுமானால் கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைக் கொட்டகை. கரும்புச்சாறு கொப்பரையில் கொதித்து, சுண்ணாம்பு போட்டு அழுக்கெடுத்து, நாட்டுச் சர்க்கரையாக இறங்குவதைச் சூடாக நாக்கில் வைத்துப் பார்க்கலாம். பழனி பஞ்சாமிர்தத்துக்கு இங்கிருந்துதான் சர்க்கரை வாங்குகிறார்கள். உங்கள் ஊரிலேயே ஒரு சங்கதி இருக்கிறது, பல கோவைக்காரர்களுக்குத் தெரியாது: 1912-ல் ஆரம்பித்த கரும்பு இனப்பெருக்க நிலையம். தடித்த கரும்பையும் காட்டு நாணலையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ரகங்களுக்கு "கோ" என்று பெயர் வைத்தார்கள், கோயம்புத்தூரின் "கோ". உத்தரப்பிரதேசத்தில் விளையும் கரும்பும் அந்தப் பெயரோடுதான் நிற்கிறது.

அப்புறம் ஆட்கள். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் களை எடுப்பவர்களைப் பார்க்காமல் வராதீர்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் சொந்த நிலம் இல்லாதவர்கள். "நாங்கள் மஞ்சள் போட்டோம்" என்று மேலே எத்தனை தடவை எழுதினேன், குனிந்தது பாதிக்கு மேல் அவர்கள்தான். இப்போது பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாத்தி கொடுத்துக் களை பிடுங்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம், வெயிலில். அரை மணிக்குள் "எப்பம்மா போலாம்" என்று கேட்டால் அதுவே நல்ல பாடம். பக்கத்தில் பிடுங்குகிற அக்கா காலையிலிருந்து நிற்கிறார் என்று காட்டுங்கள், வேறு ஒன்றும் விளக்க வேண்டாம்.

யாரைத் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். கொங்கில் இரண்டு தலைமுறைக்குள் ஒரு தோட்டத்துச் சொந்தம் இல்லாத வீடு குறைவு, உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அப்புச்சி (அம்மாவின் அப்பா) வழியில் யாராவது இருப்பார்கள். அப்படி இல்லையென்றால் உழவர் சந்தையில் வாராவாரம் ஒரே ஆளிடம் காய் வாங்குங்கள். மூன்று மாதம் போனால் அவர்களே "ஒரு நாள் தோட்டத்துக்கு வாங்க கண்ணு" என்பார்கள். போகும்போது விதைத்த பாத்தியில் கால் வைக்காதீர்கள், கன்றுக்குட்டிக்கு பிஸ்கட் ஊட்டாதீர்கள், ஏக்கர் என்ன விலைக்குப் போகிறது என்று மட்டும் கேட்காதீர்கள், வருகிறவர்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. இளநீர் வெட்டிக் கொடுத்தால் குடியுங்கள், காய் கொடுத்தால் காசு கொடுத்து வாங்குங்கள், வேண்டாம் என்பார்கள், குழந்தை கையில் கொடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு தொட்டியில் வெந்தயக்கீரை போட்டால் மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். வாடிப்போனாலும் பரவாயில்லை, எங்களுக்கும் வாடுகிறது.

மஞ்சளை எடுத்துக்கொள்வதாக இருந்தால் ஆனியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை, மாசியில் ஒருமுறை. மாசியில் வரும்போது மட்டும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டிப் போகாதீர்கள். எத்தனை துவைத்தாலும் போகாது.